ஐந்து விழுக்காடு அந்நியர்

எண்பதுகளில் நாங்கள் பினாங்கு மிண்டன் வளாகத்தில் படித்தபோது, விரிவுரையாளர்களுக்குத் தரம் போட்டது சுங்கை டுவா கடைகளில்தான். தே தாரேக் ஆறுவதற்குள் சீனியர் அண்ணன் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: "அவரு கிளாசுக்குக் கண்ண மூடிக்கிட்டு பேரு குடு. இவருகிட்ட நோட்ஸ் மட்டும் வாங்கிக்க." மேல்முறையீடு கிடையாது. 1969இல் பிறந்து, இரண்டு வருடத்தில் பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமுக்குள் குடிவந்த அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அந்த நாற்காலி கமிட்டி போதுமாக இருந்தது.

2004இல் லண்டன் பத்திரிகை ஒன்று உலகப் பல்கலைக்கழகங்களுக்கு வரிசை போட்டது. கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகம் 89, எங்கள் மிண்டன் 111. கோலாலம்பூரில் பேனர் கட்டினார்கள். மறுவருடம் மலாயா 169க்கு இறங்கியது. மிண்டன் முதல் 200இலேயே இல்லை. ஒரே வருடத்தில் எந்தக் குடி முழுகிப்போனது? நூலகம் நின்ற இடத்தில்தான் நின்றது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு 5 விழுக்காடு, வெளிநாட்டு மாணவர்களுக்கு 5 விழுக்காடு என்று மதிப்பெண் உண்டு. மலாயாவின் முதல் வருடக் கணக்கில் உள்ளூர்ச் சீனரையும் இந்தியரையும் அந்தப் பத்தியில் சேர்த்திருந்தார்களாம். இங்கேயே பிறந்து, மலாயில் சண்டை போட்டு, தண்ணீர்மலையில் காவடி எடுக்கிற நம் பிள்ளைகள் ஒரு வருடம் அந்நியராகி நாட்டின் மானத்தை உயர்த்தியிருக்கிறார்கள். நன்றி என்று யாரும் சொல்லவில்லை. குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு காலம் தள்ளிய என் சித்தப்பாவுக்குத்தான் ஆற்றாமை: "நெசமான வெளிநாட்டுக்காரன் நான் இருக்கேன், என்னைய விட்டுட்டானுங்களே!"

இப்போது பட்டியலுக்குப் பஞ்சமில்லை. பல்கலைக்கழகங்களுக்கு அரசின் சேத்தாரா மதிப்பீடு நட்சத்திரம் தருகிறது, மைரா மதிப்பீடு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுகிறது, எல்லாவற்றுக்கும் கீழே கேபிஐ என்ற பணி இலக்கு. நான் கடைசியாக வேலை பார்த்த கல்லூரியில் மாணவர் மனநிறைவைப் புள்ளி வைத்து இரண்டு தானம் வரைக்கும் கணக்கிட்டார்கள். என் மதிப்பு 5க்கு 4.27. அந்த 0.73 எங்கே போனது என்று கேட்டேன், சிரித்தார்கள்.

ஒருநாள் தோட்டப்புறத்துப் பெண் ஒருத்தி வராந்தாவில் என்னை நிறுத்தி, புள்ளியியலில் சந்தேகம் கேட்டாள். பேச்சு நீண்டு, மதியச் சாப்பாடே போய்விட்டது. பிறகு தணிக்கைக்கு வந்த இளம் அதிகாரி, அந்தச் சந்திப்பைக் குறித்துவைத்த என் கோப்பைப் புரட்டிவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், பாரத்துல மாணவி கையெழுத்து இல்ல, நேரம் இல்ல, படமும் இல்ல. இத நடந்ததா எடுத்துக்க முடியாது."

மறுநாள் அந்தப் பெண் அடுத்த சந்தேகத்தோடு வந்தாள். முதலில் பாரத்தை நீட்டினேன்.