சாம்பார் என்னும் பழரசம்

"உங்களுக்குத் தெரியுமா தாத்தா?" என்று பேரன் வாயைத் திறந்தாலே எனக்குப் பசி அடங்கிவிடுகிறது. நேற்று ராத்திரி சாம்பாரிலிருந்த கத்தரிக்காயைத் தட்டோரமாக ஒதுக்கிவிட்டு, "இது காயே இல்ல, பெர்ரி" என்றான். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த பொது அறிவுப் புத்தகம் செய்யும் வேலை. ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருக்கக் கூடாதா?

வாழைப்பழமும் பெர்ரியாம். ஸ்ட்ராபெர்ரி மட்டும் பெர்ரி இல்லையாம். வாழைப்பழத்தில் கொஞ்சம் கதிரியக்கம் வேறு இருக்கிறதாம். அதெல்லாம் கிடக்கட்டும். கத்தரிக்காய்க்கு வருகிறேன்.

பூவின் சூலகம் வளர்ந்து, உள்ளே விதை வைத்தால் அது கனி. தாவரவியல் சொல்கிறது, சரி. அப்படியானால் வெண்டைக்காய் கனி. முருங்கைக்காய் கனி. பூசணி கனி. தக்காளியைச் சொல்லவே வேண்டாம். புளி, பழம் என்று ஊருக்கே தெரியும். மிளகாய் கனி. மிளகும் கனி, காய்ந்த கனி. விதை என்று நினைத்து நாம் வறுக்கும் கொத்தமல்லி, தாவரவியல்படி முழுக் கனி; சீரகமும் அப்படியே. துவரம்பருப்பு மட்டும் விதை, அதுவும் ஒரு கனிக்குள் இருந்ததுதான். ஆக, பழச்சாற்றில் பழங்களை வேகவைத்து, பழப்பொடி தூவி இறக்குகிறோம். பழமில்லாமல் மிஞ்சுவது உப்பு, தண்ணீர், பெருங்காயம், கறிவேப்பிலை. கறிவேப்பிலையைத்தான் எல்லோரும் எடுத்து வெளியே போடுகிறோம். கல்யாண வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கி, இலையில் அணைகட்டி நான் சாப்பிட்டதெல்லாம் சூடான ஃப்ரூட் சாலட்!

விடுவேனா? 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போன வழக்கை எடுத்துவிட்டேன். அப்போது அங்கே இறக்குமதிக் காய்கறிக்கு வரி இருந்தது, பழத்துக்கு இல்லை. நிக்ஸ் என்ற வியாபாரி, தக்காளி பழம்தான், கட்டிய வரியைத் திருப்பிக் கொடு என்றார். நீதிபதிகள், தாவரவியல்படி பழமாகவே இருக்கட்டும், ஜனங்கள் அதைச் சாப்பாட்டோடுதான் சாப்பிடுகிறார்கள், கடைசியில் இனிப்பாக இல்லை, எனவே காய்கறி என்று தீர்த்துவிட்டார்கள். அந்த வழக்கில் கத்தரிக்காய்க்கும் அகராதியைப் பிரித்துப் பொருள் வாசித்திருக்கிறார்கள். "கேட்டுக்கோடா" என்றேன்.

"அது அமெரிக்கா தாத்தா" என்றான். உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் வழித்துத் தின்றான். உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு என்பது அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. தனக்குப் பிடித்த பண்டத்தைப் பற்றிய உண்மையை மட்டும் பயல் வாயே திறந்து சொல்வதில்லை. வளர்ந்தால் நன்றாக வருவான்.

என் மனைவியோ, "எவ்வளவு அறிவு பாருங்க!" என்று அவனுக்கு இன்னொரு கரண்டி வறுவல் வைக்கிறாள். இந்த வீட்டில் எனக்கு அப்படி யாரும் வைத்ததில்லை.

நாளைக்குக் காபிப் பக்கமாம். காபிக்கொட்டை ஒரு பழத்துக்குள் இருக்கும் விதை என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருக்கிறேன்.