ஆகாயத்துக்கும் பூட்டு

புதுச்சேரி மூலக்குளத்தில் இருந்துகொண்டு சாட்டிலைட் போன் மூலம் கணினியை இணையத்தில் இணைப்பது எப்படி என்று கேட்டால், செய்முறை எளிது. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். தென்னை ஓலையோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத மூலையாகப் பார்த்து நின்று ஆன்டெனாவை மேலே நீட்டுங்கள். இரிடியம் போன் என்றால், 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 செயற்கைக்கோள்களில் ஏதோ ஒன்று எப்போதும் தலைக்கு மேலே இருக்கும். சிக்னல் விழுந்ததும் கேபிளை லேப்டாப்பில் செருகி, பழைய டயல்-அப் காலத்தில் செய்ததுபோலப் போனையே மோடமாக்கி டயல் செய்யுங்கள். இணையம் வந்துவிடும். வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட். ஒரு எம்.பி. கோப்பு இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அரசாங்க விண்ணப்பப் படிவம் ஒன்றை இறக்குவதற்குள் சோறு வடித்துக் குழம்பும் வைத்துவிடலாம்.

செய்முறையின் கடைசிக் கட்டம், போலீஸ் வரும்வரை அங்கேயே நிற்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் நம்ம லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஹைதராபாத் போக வந்த ஓர் அமெரிக்க மருத்துவரின் பையில் இரிடியம் போன் இருந்ததைச் சோதனையில் கண்டுபிடித்துத் தடுத்து நிறுத்தினார்கள். அதே மாதம் சென்னையில் இன்னொரு அமெரிக்கர். அதையொட்டிய வாரங்களில் கோவாவிலும் டெல்லியிலும் மலையேறும், ஊர்சுற்றும் வெளிநாட்டுக்காரர்கள் சாட்டிலைட் கருவிகளோடு சிக்கினார்கள். காட்டில் வழி தவறினால் வீட்டுக்கு ஒரு வரி தகவல் அனுப்பத்தான் அந்தக் கருவி. ஒளிக்கவேண்டும் என்று நினைத்தவர் யாராவது அதை எக்ஸ்ரே பெல்ட்டில் தானே எடுத்து வைப்பாரா? கடைசியில் 2025 ஜனவரியில்தான் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, ‘இந்தியாவில் இது குற்றம் என்று பயணிகளிடம் சொல்லிவிடுங்கள்’ என்று விமான நிறுவனங்களுக்கு எழுதத் தோன்றியது. முதலில் பிடி, பிறகு அறிவி.

எந்தச் சட்டத்தில் குற்றம்? 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம். விக்டோரியா மகாராணி முதல் சட்டத்தைப் போட்ட நாளில் அது புதுச்சேரிக்கு வராது. இங்கே பிரெஞ்சுக்காரன் ஆண்டான். இரண்டாவது சட்டம் வந்தபோதும் அவன்தான். 1954-ல் விடுதலை வாங்கி, 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்து, நாம் வரவேற்று உள்ளே கொண்டுவந்த சொத்துகளில் வெள்ளைக்கார ராணியின் தந்திச் சட்டமும் ஒன்று. தந்தியையே 2013-ல் மூடிவிட்டார்கள். தந்தி செத்துப் பதினோரு ஆண்டு கழித்தும் தந்திச் சட்டம் விமான நிலையத்தில் டூட்டி பார்த்தது. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் வலையமைப்பு போட்டால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். வெள்ளைக்காரனைவிட நாம் கெட்டிக்காரர்கள், தொகையிலாவது.

காரணம் கேட்டால் மும்பை என்பார்கள். 2008 நவம்பரில் கடல் வழியாக வந்த கொலைகாரர்கள் துராயா சாட்டிலைட் போன் வைத்திருந்தார்கள், உண்மை. அதைக் கடத்திய படகிலேயே விட்டுவிட்டுத்தான் கரையேறினார்கள் என்பதும் உண்மை. மூன்று நாள் நகரத்தைக் கொன்று தீர்த்தபோது எஜமானர்களோடு அவர்கள் பேசியது சாதாரண செல்போனில், இணையவழி அழைப்புகளில். ஆனால் சிம் கார்டைத் தடைசெய்யவில்லை, கூடுதலாக ஒரு ஜெராக்ஸ் கேட்டார்கள். துராயாவுக்கும் இரிடியத்துக்கும் மட்டும் நாடு முழுக்கப் பூட்டு. ஒட்டுக்கேட்க வசதியில்லாத போன் நாட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் சாரம்; உளவுத்துறைக்கு அந்தத் தேவை இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. பூட்டு யாரைத் தடுத்தது என்பதுதான் என் கேள்வி. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஆறு டன் போதைப்பொருளோடு கடலோரக் காவல்படை பிடித்த மியான்மர் படகில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவி இருந்தது. அடுத்த மாதம் மணிப்பூரில் ஆயுதங்களோடு ஸ்டார்லிங்க் பெயர் போட்ட டிஷ் சிக்கியது. கடத்தல்காரனுக்கு டிஷ் கிடைக்கிறது. டாக்டருக்குப் போலீஸ் ஸ்டேஷன் கிடைக்கிறது.

இதெல்லாம் யாருக்கோ வந்த வம்பு, மூலக்குளத்துக்கு என்ன என்று கேட்கிறவர்கள் 2024 நவம்பர் 30-ஐ மறந்தவர்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகரத் தெரியாமல் நின்று, 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் கொட்டியது. கரண்ட் போனது. கரண்ட் போனால் டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், டீசல் ஊற்ற ஆள் வரமுடியாவிட்டால் அதுவும் ஓயும். எங்கள் தெருவில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டு ஆயா, மகன் பாரிஸ் பக்கத்தில். மழை விட்ட இடைவெளியில் மாடிப்படி உச்சியில் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். முந்தானையால் போனைத் துடைப்பதும், மறுபடி தூக்குவதும்.

“தம்பி, கோடு ஒண்ணு காட்டுதே, போவுமா?”

“போவாது ஆயா.”

“அவன் டி.வி.யில பாத்துட்டு அழுதுட்டிருப்பான்டா.”

இராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்ட ஊரில், ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற ஒரு வரியை அனுப்ப வழியில்லை. அந்த ஒரு வரிக்கு 2.4 கிலோபிட் ஏராளம். சிக்னல் திரும்பியதும் என் போனில் முதலில் வந்து விழுந்தது, ரீசார்ஜ் செய்யச் சொல்லும் குறுஞ்செய்தி. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவை.

சட்டப்படி வழியே இல்லையா? இருக்கிறது. 2017 முதல் பி.எஸ்.என்.எல். இன்மார்சாட் சாட்டிலைட் போன் தருகிறது. முதலில் அரசுத் துறைகளுக்கு, பிறகு மற்றவர்களுக்கு, தகுந்த அனுமதியோடு. அதில் பேசினால் குரல் 36,000 கிலோமீட்டர் மேலே போய், உத்தரப்பிரதேசத்து காசியாபாத்தில் இறங்கி, அங்கே அரசாங்கத்தின் காதைத் தாண்டித்தான் உங்கள் மாமன் வீட்டுக்குப் போகும். போகட்டும், கேட்டால் கேட்கட்டும். அதைச் சாதாரணமானவன் வாங்குவது எந்தக் கவுன்டரில் என்று சொல்லுங்கள். ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் புயல் நிவாரணம் அறிவிக்கத் தெரிந்த அரசுக்கு, தெருவுக்கு ஒரு போன் கேட்டுவாங்கத் தெரியவில்லை. வார்டு கவுன்சிலரைப் பிடித்து உலுக்கலாம் என்றால், 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்காத ஊர் இது.

வயிறு எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூலக்குளத்திலிருந்து மேற்கே ரயில்வே மேம்பாலம் தாண்டினால் வில்லியனூர். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வில்லியனூரை மையமாக வைத்து, தொலைபேசி ஒழுங்காக எட்டாத கிராமங்களின் கணினிகளை வி.எச்.எஃப். ரேடியோ வழியாக இணைத்தது. கரண்டை நம்பாமல் சூரிய ஒளித் தகடும் வைத்தார்கள். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு ஆள் ஒருவர் ஊருக்குப் போன் போட்டு சுனாமி வருகிறது என்று எச்சரிக்க, ஊர்க்காரர்கள் இந்தத் திட்டத்தின் அறிவு மையத்துக் கதவை உடைத்து அதே மாதிரி ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊர் ஓடித் தப்பியது. கம்பியில்லாமல் கணினியை இணைத்து உயிர் காப்பது எப்படி என்று உலகத்துக்குப் பாடம் எடுத்த வட்டாரம் இது. கால் நூற்றாண்டு கழித்து, நாம் மாடிப்படியில் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறோம்.

கடலுக்குப் போகிறவனின் நிலை இதைவிடக் கேவலம். 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்து மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. கரையில் சாவுக்கணக்கு எண்ணி முடிக்கவே மாதங்கள் ஆயின. இரண்டு ஆண்டு கழித்து ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக அரசு சொல்வதை மீனவன் கேட்கலாம். அவன் திருப்பிப் பேச முடியாது. ஒருவழிப் பாதை. நம்ம ஆட்சிமுறைக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை எந்த விஞ்ஞானியாலும் செய்திருக்க முடியாது! படகிலிருந்தும் பதில் அனுப்பும் கருவியை ஒரு லட்சம் படகுகளுக்குத் தரும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்க 2024 ஆகஸ்ட் ஆனது.

இதே வானம் இப்போது கடைக்கு வந்துவிட்டது. சாட்டிலைட் அலைக்கற்றையை ஏலத்தில்தான் விட வேண்டும் என்று கொடிபிடித்த ஜியோ, 2025 மார்ச் 12-ல் ஸ்டார்லிங்கோடு கைகுலுக்கியது. ஏர்டெல் அதற்கு முந்தைய நாளே குலுக்கிவிட்டது. ரயில்வே அமைச்சர் வரவேற்றுப் பதிவு போட்டார், உடனே அழித்தார். ஜூனில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் வந்தது. பாதுகாப்புக் கவலை, இந்தியப் பெருமுதலாளிகள் இருவரும் பங்காளிகளான மூன்று மாதத்தில் தீர்ந்துபோனது பாருங்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் கனகச்செட்டிக்குளம் முதல் மூர்த்திக்குப்பம் வரை ஒவ்வொரு மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும், நகரத்தில் ஒவ்வொரு வார்டுக்கும், உரிமத்தோடு ஒரு சாட்டிலைட் போனும் ஒரு லேப்டாப்பும் கொடுங்கள். விமான நிலையத்தில் தன் கருவியை ஒளிக்காமல் காட்டுகிறவரிடம் ரசீது போட்டு வாங்கிவைத்து, போகும்போது திருப்பிக் கொடுங்கள். இதுகூடச் செய்யாமல், அடுத்த புயலன்று டி.வி.யில் வந்து ‘மக்கள் பதற்றமடையாமல் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பில் இருக்கவும்’ என்று சொல்லாதீர்கள் ஐயா. எதை வைத்துத் தொடர்பில் இருப்பது?