ஊஞ்சலைக் கொடுக்கலாம், சாவியைக் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் எங்கள் வீட்டை 70 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். இப்போது வாங்குபவர், ‘பாதியை ரொக்கமாகத் தருகிறேன், பத்திரத்தில் குறைத்துப் போடுவோம். நல்ல நாள் வருகிறது, பதிவுக்கு முன்பே பால் காய்ச்சச் சாவி வேண்டும். ஹால் ஊஞ்சலையும் விட்டுப் போங்கள்’ என்கிறார். மறுத்தால் கைநழுவிப் போய்விடுமோ என்று பயம்.
— வாசகி, மதுரை

பதில்: ஊஞ்சல் உங்கள் மனசு சம்பந்தப்பட்டது. அப்பா ஆடிய ஊஞ்சல் என்றால் கழற்றிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் சந்தோஷமாகக் கொடுங்கள். மற்றதற்கு அசையாதீர்கள், அம்மா.

வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். அதைக் கட்ட வேண்டியவர் கொடுத்தவர் அல்ல, வாங்கிய நீங்கள்! 35 லட்சத்தை மஞ்சள் பையில் எண்ணி வாங்கிவிட்டு, அதே 35 லட்சத்தை அபராதமாகக் கட்டினால், பாதி வீட்டை இனாமாக எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

சாவி? முழுப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறி, சார்பதிவாளர் முன் கையெழுத்தான பிறகுதான். அதற்கு முன் குடியேறிவிட்டவரை வெளியேற்ற நீதிமன்றப் படி ஏற நேரலாம். காய்ச்சிய பால் ஆறும், வழக்கு ஆறாது. நல்ல நாள் அடுத்த மாதமும் வரும் என்று அன்பாகவே சொல்லுங்கள்.

அவர் கேட்கக்கூடிய நியாயமான ஒன்றும் உண்டு. 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு, வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு அது 70,000 ரூபாய். அதற்குச் சண்டை போடாமல், கட்டியதற்கான சான்றிதழை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.