கைகாட்டி மாமா

காலை எட்டரை மணிக்கு லஸ் முனையில் நின்றால் மாமாவைப் பார்த்துவிடலாம். பழைய ஸ்கூட்டர். பின்னால் மாமி. மாமியின் மடியில், தெற்கு மாட வீதியில் வாங்கிய முருங்கைக்காய் தலைநீட்டும் பை. மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து, இருந்த சாலையில் பாதியைக் காணோம்.

இடது ஓரமாக வந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலது பக்கம் திரும்ப வேண்டும் என்று தோன்றுகிறது. வலது கை கீழே இறங்குகிறது. கூடவே ஓடிவரும் நாய்க்குட்டியைத் தடவிக்கொடுப்பதுபோல, முழங்கால் உயரத்தில் உள்ளங்கை இரண்டு ஆட்டு ஆடுகிறது. அவ்வளவுதான், வண்டி குறுக்கே வந்தாயிற்று. ஆக்சிலேட்டரும் அதே வலது கையில்தான் என்பதால், நடுரோட்டுக்கு வரும் நேரம் பார்த்து ஸ்கூட்டர் தவழ ஆரம்பிக்கிறது. மாநகரப் பேருந்து கிறீச்சிட்டு நிற்கிறது.

"பெருசு, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்கிறான் பைக் பையன்.

"வீடே பின்னாலதான் உக்காந்திருக்கு. கைதான் காட்டினேனே, பாக்கலையா?"

கை காட்டுவதற்கும் சாஸ்திரம் உண்டு. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகள் ஐந்து சைகைகளைச் சொல்லின. கையைக் கிடையாக நீட்டி உள்ளங்கையை முன்னால் காட்டினால் வலது. நீட்டிய கையைக் கடிகாரத்துக்கு எதிராகச் சுழற்றினால் இடது. முழங்கையை மடித்துச் செங்குத்தாக உயர்த்தினால் நிற்கப்போகிறார். வேகம் குறைக்க ஒன்று, பின்னால் வருபவரை முந்தவிட ஒன்று. மாமாவிடம் இருப்பது மொத்தமே ஒன்று. திரும்பப் போகிறாரா, நிற்கப் போகிறாரா, விரலில் ஒட்டிய விபூதியை உதறுகிறாரா என்பது சிதம்பர ரகசியம். (ஆட்டோக்காரர் காலை நீட்டுவது தனி வித்தை, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.)

திரும்புவதை மின்விளக்காலும் காட்டலாம் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-ஆம் பிரிவு சொல்கிறது. மாமா வண்டியில் விளக்கு நன்றாகவே எரியும். போட்டால் பேட்டரி இறங்கிவிடுமாம்.

ஆனால் மனிதர் ஹார்ன் அடிக்கமாட்டார். யாரையும் திட்டமாட்டார். அடையாறு எல்.பி. சாலையில் ஒருநாள், ஒரு பாட்டி வரிக்குதிரைக் கோட்டின் மேல் ஒரு காலும் நடைபாதையில் ஒரு காலுமாக நின்றிருந்தார். கார்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. மாமா வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அதே கையைத் தலைக்கு மேல் தூக்கினார். சாலையே நின்றது. அன்றைக்கு மட்டும் அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான்.

அதற்காக மற்ற நாட்களையும் மன்னித்துவிட முடியுமா? 'நான் திரும்பலாமா' என்று கேட்கத்தான் சைகை. மாமா காட்டும்போது அது 'திரும்பியாச்சு' என்ற அறிவிப்பு. பின்னால் அடித்துப்பிடித்து பிரேக் போடுகிறவனுக்கும் வீடு இருக்கிறது, அது பின்னால் உட்கார்ந்தும் வரவில்லை. இடது கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே ஒரு பொத்தான். அதை அழுத்துவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

போன மாதம் பனகல் பூங்கா அருகே ஓர் ஆட்டோவின் கண்ணாடி, ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையில் பட்டுவிட்டது. மணிக்கட்டில் வீக்கம், இரண்டு வாரம் கட்டு. டாக்டர் வண்டியே ஓட்டக்கூடாது என்றார். மாமா ஓட்டினார். கையை மட்டும் அசைக்கவில்லை.

அந்த இரண்டு வாரமும் பின்னாலிருந்து மாமி கை காட்டினாள்.