ஓரத்தில் நிற்கும் கோச்சுகள்

பெங்களூரில் பிள்ளைக்கு பாட்மிண்டன் கற்றுத்தர, அப்பாவுக்குத்தான் முதலில் உடல்திறன் வேண்டும். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷனை விடிவதற்குள் தாண்டுகிறவருக்கே ஒரு பதக்கம் தரலாம். கோர்ட் ஓரம் நின்று "ஸ்மாஷ் அடிடா!" என்று கத்தும் அப்பாக்களில் பலர் கடைசியாக ஓடியது பிஎம்டிசி பஸ்ஸைப் பிடிக்க. அம்மாக்கள் பாவம், டிபன் டப்பாவோடு சரி.

1980இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன், சிறுவயதில் பழகியது மல்லேஸ்வரம் கனரா யூனியன் கல்யாண மண்டபத்தில். அங்கே விசேஷம் இல்லாத நாளில்தான் ஆட்டம். புரோட்டீன் பவுடரா? பந்தியில் பாயசம் மிஞ்சியிருந்தால் உண்டு என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் மகள் தீபிகா தேசிய அளவுவரை ஆடிவிட்டு மாடலிங், சினிமா என்று போனார். அப்பா குறுக்கே நிற்கவில்லை. சாம்பியன் வீட்டிலேயே இப்படி. ஞாயிற்றுக்கிழமையாவது பையனைத் தூங்கவிடுங்கள், சார்.