பூனையும் புதுவீடும்: ஒரு குடிபெயர்வியல் ஆய்வு

வீடு மாறுவதற்கு வாஸ்து நூல் உண்டு, பஞ்சாங்கம் உண்டு, ஆடியில் பால் காய்ச்சலாமா என்ற தீராத வழக்கும் உண்டு. வீட்டுப் பூனையின் கருத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. மாட்டுக்கு அந்தக் குறை கிடையாது. புதுமனை புகுவிழாவில் கன்றோடு முதல் ஆளாக உள்ளே போய், வாழைப்பழமும் அகத்திக்கீரையும் தின்று, கூடத்தில் சாணம் போட்டு, அதற்கும் கும்பிடு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. மறுநாள் அதே கூடத்தில் பூனை அதே காரியத்தைச் செய்தால் நடக்கும் உபசாரம் வேறு. இந்தப் பாரபட்சத்தின் வேரைத் தோண்டுவதே இவ்வாய்வின் நோக்கம்.

நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்பது முன்னோர் கருதுகோள். இதற்கு ஆதாரம் பிரிட்டிஷ் பிரதமரின் இல்லமான லண்டன் டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டில் கிடைக்கிறது. பேட்டர்சி விலங்குக் காப்பகத்திலிருந்து 2011 பிப்ரவரியில் அங்கே வந்த லாரி என்ற பூனைக்கு, அமைச்சரவை அலுவலகத்தின் தலைமை எலிபிடிப்பாளர் என்று பதவி. 2016 ஜூலையில் பிரதமர் டேவிட் கேமரூன் மூட்டை கட்டினார், லாரி கட்டவில்லை. பூனையைத் தமக்குப் பிடிக்காது என்ற வதந்தியை மறுக்க, நாடாளுமன்றத்தில் தம் கடைசிக் கேள்வி நேரத்தில் லாரி தம் மடியில் இருக்கும் படத்தையே தூக்கிக் காட்டினார் மனிதர். பிறகு தெரசா மே, போரிஸ் ஜான்சன், 49 நாளில் பெட்டியைப் பிரித்தும் பிரிக்காமலும் கிளம்பிய லிஸ் டிரஸ், ரிஷி சுனக், கியர் ஸ்டார்மர். வாடகைக்கு வந்து போகிறவர்கள் பிரதமர்கள். வீட்டுக்காரர் யார் என்பதில் ஆய்வாளருக்கு ஐயமில்லை.

ஆனால் இந்தக் கருதுகோளைக் குட்டி போட்ட பூனை ஒரே வாரத்தில் தகர்த்துவிடும். பரணில் ஈன்று, கட்டிலடிக்கு மாற்றி, அங்கிருந்து பக்கத்து வீட்டு விறகுக் குவியலுக்குப் போகும். ஏழு வீடு மாறும் என்று பாட்டிமார் கணக்கு. பிடரியைக் கவ்வியதும் குட்டி காலை மடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் தொங்கும். எந்த மூவர்ஸ் கம்பெனியும் கண்ணாடிச் சாமானை இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை. ராகுகாலம் இல்லை, அட்வான்ஸ் இல்லை. ஆகவே பூனைக்கு வீடு மாறுவதில் ஆட்சேபணை இல்லை. தன்னைக் கேட்காமல் மாற்றுவதில்தான் இருக்கிறது.

அதற்கு நியாயமும் உண்டு. பூனையின் கன்னம், மோவாய், நெற்றி ஆகிய இடங்களில் மணச் சுரப்பிகள் உள்ளன. நிலைப்படியிலும் சோபாக் காலிலும் எஜமானரின் கெண்டைக்காலிலும் அது முகத்தைத் தேய்ப்பது கொஞ்சலுக்காக மட்டும் என்று நினைப்பது மனித அகம்பாவம். அது தன் பெயருக்குப் பட்டா எழுதுகிறது. புதுவீட்டிலோ பெயிண்ட் வாடை, ஹோமப் புகை, முன்பின் தெரியாத நாற்பது உறவினர்கள். பழைய பட்டா ஒன்றும் செல்லாது.

முதலில் ஒரே அறையில் வைத்து, துவைக்காத பழைய போர்வையையும் அதன் மணல் தட்டையும் கூடவே போட்டு, பழகப் பழக மற்ற அறைகளைத் திறந்துவிடுங்கள், இரண்டு மூன்று வாரம் வெளியே விடாதீர்கள் என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். நம் குடும்பங்கள் கையாளும் முறை வேறு. கூடையில் அடைத்துக் குட்டியானையில் ஏற்றி, நடுக்கூடத்தில் திறந்துவிடுகிறார்கள். அது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மறைகிறது. இரவு குடும்பத் தலைவர் டார்ச்சும் கருவாட்டுத் துண்டுமாகத் தரையில் குப்புறப் படுத்திருக்கிறார். கதவு திறந்திருந்த வீடுகளில், சில நாளில் பழைய தெருவிலிருந்து போன் வருகிறது: “அக்கா, உங்க பூனை இங்கதான் மதில்மேல உக்காந்திருக்கு.”

நாய்க்கும் இம்முடிவுகள் பொருந்துமா என்று பார்க்கப்பட்டது. சாமான் ஏற்றி முடிப்பதற்குள் நாய் குட்டியானையின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டதால், அந்தப் பிரிவு கைவிடப்பட்டது.