மருதத்தார் நெய்தலில் ஓய்வுகொள்ளும் முறைமை: தம்புள்ளை ஓய்வூதியர் குறித்து ஓர் ஆய்வு

தம்புள்ளையில் கடல் இல்லை. ஆய்வின் முதற் சிக்கல் இதுவே. ஆனால் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் திருகோணமலை போகும் ஏ6 வீதியும் இவ்வூரில்தான் சந்திக்கின்றன. எனவே ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதிக்கு, 'ரெண்டு நாள் எங்கயாவது போய் சும்மா இருந்துட்டு வருவோம்' என்று தோன்றினால், பஸ் ஏறி ஹபரணை, கந்தளாய் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் கடல் வந்துவிடும். ஓய்வும் வருகிறதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

முதலில் முன்னோர் கருத்து. தம்பதியர் பயணத்தில் பாரம் ஒரு பிரச்சினை என்பதை மகாவம்சமே பதிவு செய்திருக்கிறது. பண்டைக் காலத்தில் வலகம்பா மன்னன் படையெடுத்து வந்த தமிழரிடம் தோற்று ஓடுகையில், தேரின் சுமையைக் குறைக்க அரசி சோமாதேவியை இறக்கிவிட்டான் என்கிறது அந்நூல். பிறகு அவன் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகைகள்தாம், 1991இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய தம்புள்ளைக் குகைக் கோயில். நம் தம்பதியின் பையில் பிளாஸ்க், மாத்திரைப் பெட்டி, இரண்டு தலையணை உறை, ஒரு கிலோ கரட், ஹோட்டல் தேநீர் சரிவராவிட்டால் போட்டுக்கொள்ளத் தேயிலைத் தூள், தூள் இருந்தால் போதுமா என்று மின்சாரக் கேத்தல். கேத்தலையாவது வைத்துவிட்டுப் போகலாமே என்றார் கணவர். "அப்ப என்னையும் இங்கேயே இறக்கி விட்டுட்டுப் போங்க" என்றார் மனைவி. அவருக்கு மகாவம்சப் பரிச்சயம் உண்டா என்பது தெளிவாகவில்லை. கேத்தல் போயிற்று.

இனிக் கோட்பாடு. தொல்காப்பிய மரபில் மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல், பொழுது வைகறை; நெய்தலுக்கு இரங்கல், பொழுது எற்பாடு. தம்புள்ளை மருதமா என்று சிலர் ஐயுறலாம். மலைப்பாறை இருப்பதால் குறிஞ்சி என்பார் உளர். வெயிலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தோர் பாலை என்பர். இவர்கள் 1999இல் திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையத்துக்கு வைகறையில் ஒருமுறை போய்வரட்டும். நுவரெலியா கரட்டும் லீக்ஸும், சுற்றுவட்டாரத்துப் பூசணியும் வெங்காயமும் லொறி லொறியாக இறங்கி, விலை பேசி, வேறு லொறியேறி நாடெங்கும் போகின்றன. கொழும்பில் ஒருவர் மரக்கறி விலை கூடிவிட்டது என்று அலுத்துக்கொண்டால் அந்த அலுப்பு பெரும்பாலும் தம்புள்ளையில் தொடங்கியதுதான். இது மருதம். நிலங்கள் ஒன்றோடொன்று மயங்கா, ஆனால் திணை மயங்கலாம் என்பது இலக்கணம். ஆகவே மருதத்தார் தம் ஊடலை நெய்தலுக்குக் கொண்டுபோக இலக்கணத் தடை ஏதுமில்லை. பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட்டும் இல்லை.

கள ஆய்வு உப்புவெளியில் நடந்தது. மதியச் சாப்பாட்டோடு ஒரு தட்டு சலாது வந்தது: தக்காளி நான்கு வில்லை, வெள்ளரி ஐந்து, வெங்காயம் கொஞ்சம். பின்னால் பில் வந்தது. எதிரே கடல் நீலமாக, அலையடங்கிக் கிடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைப் படுத்தும் மாதங்களில் இந்தக் கரை அப்படித்தான் இருக்கும். இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"என்னங்க, இந்தத் தக்காளி நம்ம ஊர் வழியாத்தான் லொறியில போயிருக்கும்."

"போயிருக்கும். இந்த விலைக்குப் போயிருக்காது."

"ஹோட்டலைப் பிடிச்சது நீங்கதானே?"

இங்கே ஊடல் தோன்றியது. நெய்தலுக்குரிய இரங்கலும் உடன் தோன்றியது. ஆனால் அது பில்லைக் குறித்து, கணவரிடம் மட்டும். தம் வாசலைக் கடந்து போன பொருளைத் துரத்திப் போய்ப் பன்மடங்கு விலைக்குத் தின்பதே சுற்றுலா என்பது இவ்வாய்வின் முதன்மை முடிபு. மீனைக் கொண்டு இதை மறுக்கலாம். ஆனால் அம்மையார் வியாழக்கிழமைகளில் மச்சம் தொடுவதில்லை, அன்று வியாழக்கிழமை.

மறுநாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறு, ஏழுக்கும் வெவ்வேறு சூடு. விஞ்ஞானம் படிப்பித்தவர் என்பதால் கணவர் ஒவ்வொன்றிலும் வாளி விட்டு, முழங்கையில் ஊற்றி, சூட்டை வரிசைப்படுத்தினார். அம்மையார் முதற்கிணற்றோடு குளித்து முடித்துத் தலை துவட்டிவிட்டார். பிறகு கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் பையை மோப்பம் பிடித்தன. நுவரெலியாவிலிருந்து தம்புள்ளை வந்து, பையேறிக் கடல் பார்த்த கரட் மானின் வாய்க்குள் போயிற்று. "இதுக்காவது உதவிச்சே" என்றார் அம்மையார். இரண்டு நாளில் அவர் கணவரைப் பாராட்டிய ஒரே இடம் இதுதான். கரட் எடுத்து வைத்தவர் அம்மையாரே என்பது வேறு விஷயம்.

திரும்பும்போது யானை வீதிக்கு வருமுன் ஹபரணையைத் தாண்டிவிட வேண்டும் என்று மூன்று மணிக்கே பஸ் ஏறினார்கள். கந்தளாயில் பஸ் நின்ற இடத்தில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினார்கள். வாயைக் கடதாசியால் மூடிக் கட்டிய மண்சட்டி. சரிந்தால் சேலையெல்லாம் தயிர். அது கணவர் மடிக்கு வந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் அம்மையார் ஜன்னலில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கிவிட்டார். இந்தப் பயணத்தில் பதிவான முதல் ஓய்வு இது. இதை ஓய்வென்று கொள்வதா அசதியென்று கொள்வதா என அறியக் கணவரை அணுகினோம். சட்டியை விட்டுக் கண்ணெடுக்க முடியாத நிலையில் இருந்ததால், ஹபரணை தாண்டட்டும் என்று சொல்லிவிட்டார்.